தூக்காத எட்டு மாதம்

என் மகள் பிறந்து எட்டு மாதம் வரை நான் அவளைத் தூக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் வேறு. அதைச் சொல்லத் துப்பில்லாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி. திம்புள்ளப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மனைவி தலைப்பிரசவத்துக்கு வட்டகொடையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பிரஜாவுரிமைக் காகிதம் ஒன்றுக்காக நான் கண்டிக்குப் போனேன். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அரசாங்கக் கந்தோரில் இழுத்தடித்ததில் இரண்டு நாள் தங்க வேண்டியதாயிற்று. தங்கின இடத்தில் சமையல் செய்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். பேச்சு சிரிப்பானது, சிரிப்பு கட்டிப்பிடிப்பதில் போய் முடிந்தது. உடுப்போடு உடுப்பாக, கைகளால் நடந்ததுதான் எல்லாம். அதற்குமேல் போகவில்லை. யாரோ படியேறி வருகிற சத்தம் கேட்டு விலகிவிட்டோம். நல்லவன் என்பதால் நான் நிறுத்தவில்லை, பயந்தாங்கொள்ளி என்பதால் நிறுத்தினேன்.

திரும்பி வந்து பத்து நாள் இருக்கும். தலவாக்கலையில் சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசித்தார். எய்ட்ஸ் என்று புதிதாக ஒரு வியாதி, மருந்தே கிடையாது, கெட்ட சகவாசத்தால் வருகிறது என்று இருந்தது. எப்படித் தொற்றும் என்பதைப் பத்திரிகை பட்டும் படாமலும் சொல்லியிருந்தது. மிச்சத்தைச் சலூனில் இருந்தவர்கள் சேர்த்தார்கள். தொட்டால் வரும் என்றார் ஒருவர். எச்சில் கிளாஸ் போதும் என்றார் இன்னொருவர். நான் முடிவெட்டாமலே எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் உடம்புக்கு நானே காவல்காரன். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பேன். தாடைக்குக் கீழே கட்டி இருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்ததில் அந்த இடமே வலிக்கத் தொடங்கியது. வலித்ததும், கட்டி வந்துவிட்டது என்று பயந்தேன். மழைக் காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருமாதவன் யார்? ஆனால் என் இருமல் மட்டும் எனக்கு அந்த வியாதியின் இருமலாகக் கேட்டது. சாப்பாடு இறங்காமல் இளைத்தேன். இளைத்தது இன்னொரு அத்தாட்சியாயிற்று.

பெண் பிறந்தாள். முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து, வட்டகொடையில் உறவுக்காரர் எல்லாரும் கூடியிருந்தார்கள். தகப்பன் விரலால் பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணி தொட்டு வைக்க வேண்டும். மாமியார் கிண்ணத்தை நீட்டினார்.

"தொட்டு வைங்க மாப்பிள்ள."

என் விரலில் மெஷின் கீறின காயம் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேற யாராச்சும் வைக்கட்டும்" என்றேன்.

"பொம்பளப் புள்ளன்னு மாப்பிள்ளைக்கு மொகம் செத்துப் போச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மனைவி தலை குனிந்துகொண்டாள். அப்படி இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது?

தாயும் பிள்ளையும் தோட்டத்துக்கு வந்த பிறகு நான் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுத்தேன். எனக்கென்று தனிக் கோப்பை, தனித் துவாய். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை சிரிக்கத் தொடங்கினாள், கவிழ்ந்தாள், தவழ்ந்தாள். எல்லாவற்றையும் வாசற்படியில் நின்று பார்த்தேன். தூக்க வேண்டும் என்று கை துடிக்கும். அந்தக் கையை அப்படியே மடக்கி அக்குள் இடுக்கில் வைத்துக்கொள்வேன். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பயப்பட்டதில் எனக்கு அலுத்துப் போயிற்று. செத்தாலும் பரவாயில்லை, இந்தப் பயம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

எட்டாவது மாதத்தில் ஒருநாள் பிள்ளை தவழ்ந்து வந்து நான் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் முதன்முதலாக எழுந்து நின்றது அதுதான். நான் சட்டென்று பின்னால் நகர்ந்தேன். முகம் அடிபட விழுந்தாள். உதட்டில் ரத்தம். வீறிட்டு அழுதாள். நான் தூக்கவில்லை. அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"ஒரு ஆட்டுக்குட்டி விழுந்தாக்கூட தூக்குவீங்களே" என்றாள்.

மறுநாள் ஹற்றனுக்குப் போனேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஏழு லயத்துக்கும் தெரிந்துவிடும். டவுனில் வயசான சிங்கள டாக்டர் ஒருவரிடம் சிங்களத்தில் சொன்னேன். தமிழில் என்றால் என் வாயால் வந்திருக்காது. மற்ற மொழியில் சொல்லும்போது வெட்கம் அவ்வளவாகக் குத்தவில்லை.

அவர் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"உடலுறவு நடந்ததா?"

"இல்லை ஐயா."

"புண்ணில் ரத்தம் ஏதாவது பட்டதா?"

"இல்லை."

"அப்படியானால் உனக்கு அது வராது. தொட்டால் வராது, கட்டிப்பிடித்தால் வராது, கோப்பையால் வராது. மனசு கேட்காவிட்டால் ரத்தம் சோதித்துப் பார்க்கலாம். தேவையே இல்லை."

பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் தூக்கவில்லையா?"

பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்து அழுதேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. எட்டு மாதத்தை இப்படி மடத்தனமாகத் தொலைத்தேனே என்ற ஆத்திரம்தான்.

வீட்டுக்கு வந்து கை காலைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. உதடு வீங்கின வாயோடு அலறி, அம்மாவிடம் தாவினாள். மனைவி அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. பொம்பளப் புள்ளன்னுதானே இத்தன நாளும் தொடல?"

கண்டியைப் பற்றிச் சொல்வதா, இதை ஒத்துக்கொள்வதா? எது அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று அந்த நிமிஷம் கணக்குப் போட்டேன். உண்மையில், எது எனக்கு லேசு என்றுதான் பார்த்தேன்.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல் அப்படியே நின்றுவிட்டது. மனைவி மன்னித்தாள். சொந்தக்காரர்கள் சிரித்துப் பேசுகிற கதையாயிற்று. மகள் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். நான் அவளைத் தோளில் சுமந்தேன், பள்ளிக்கூடம் கூட்டிப்போனேன், காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே கிடந்தேன். அந்தக் கதையை எதனாலும் அழிக்க முடியவில்லை.

பிறகு அவளுக்கும் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் இரண்டு கையையும் நீட்டினேன். மகள் துணியை விலக்கி முகத்தைக் காட்டினாள். கொடுக்கத்தான் தயங்கினாள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல என்னைப் பார்த்தாள்.

"இதுவும் பொம்பளப் புள்ளதாம்ப்பா" என்றாள்.