சித்ரகலா எழுதிய சவுண்டு பெட்டி

சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயில் எழுதித்தான் சித்ரகலா கதை எழுதக் கற்றுக்கொண்டாள். நல்லூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனித்து அனுப்பும் மெர்ச்சண்டைசர் வேலை அவளுக்கு. சரக்கு ஏன் தள்ளிப்போகிறது என்று டென்மார்க்காரனுக்குப் புதுப்புதுக் காரணமாகச் சொல்லிச் சொல்லி, இல்லாததை நம்பும்படி எழுதும் கை வந்துவிட்டது. கல்லூரி நாட்களில் பல்லடத்து லைட் மியூசிக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தவள். மைக், மிக்சர், ஆம்ப்ளிஃபயர் என்றால் உயிர். கோவையிலிருந்து வரும் ஒரு மாத இதழில் ஒரு பக்கம் இந்தச் சாதனங்களைப் பற்றியும், எதிர்ப்பக்கம் அறிவியல் கதையும் எழுதி வந்தாள். உறவுக்காரர்களுக்கு இதில் பாதிதான் புரிந்தது. மிக்சரைப் பற்றி எழுதுகிறாள் என்று கேள்விப்பட்ட அத்தை ஒருத்தி, ஓடாத மிக்சியைக் கட்டைப்பையில் போட்டு எடுத்துவந்தாள். சித்ரகலா அதையும் சரிசெய்து கொடுத்தாள்.

கட்டுரையில் கற்பனை அதிகம், கதையில் வாட் கணக்கு அதிகம் என்று இதழின் ஆசிரியர் சசிகுமார் குறைப்பட்டுக்கொள்வார். உண்மைதான். செவ்வாய்க் கிரகத்தில் காதலர்கள் பிரியும் இடத்தில்கூட, பக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரின் மின்தடை எத்தனை ஓம் என்று எழுதாமல் அவளால் நகர முடியாது.

மார்ச் இதழில் விளம்பரம் கூடிப்போனதால் கட்டுரையை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்திலேயே கதையைப் போட்டார் சசிகுமார். பக்கத்தின் தலைப்பை மாற்ற மறந்துவிட்டார். கேட்க விரும்புகிறவர் காதுக்குள் மட்டும் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சவுண்டு பெட்டி ஒன்று அந்தக் கதையில் வருகிறது. வேண்டாதவர் அதன்மேலேயே தலைவைத்துத் தூங்கலாம்.

இதழ் கடைக்கு வந்த வாரமே குண்டடத்திலிருந்து மகுடேஸ்வரன் என்பவர் போன் செய்தார். அந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், கோயில் திருவிழாவான நோம்பி எல்லாவற்றுக்கும் அவருடைய சவுண்ட் சர்வீஸ்தான்.

"ஏனுங்க மேடம், அந்தப் பொட்டி எங்கீங்க கெடைக்கும்?"

"அது கதைங்கண்ணா."

"ஆமாங்க, அதுலதானுங்க படிச்சேன். கடை எங்கீங்க?"

எல்லாம் கற்பனை என்று அவள் விளக்க விளக்க, அவர் மரியாதையாகச் சரிங்க சரிங்க என்று கேட்டுக்கொண்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பத்தாவது பரீட்சை, நோம்பிக்குப் பாட்டே கூடாது என்று ஊரில் பாதிப் பேர். பாட்டில்லாமல் என்ன நோம்பி என்று மீதிப் பேர். இவர் இதழைக் காட்டி இரண்டு தரப்பையும் சமாதானம் செய்துவிட்டார். 'உங்களுக்குக் கேட்கும், ஊருக்குக் கேட்காது' என்று ஃபிளெக்சும் கட்டியாயிற்று. அதில் சித்ரகலாவின் படத்தையும் போட்டு, கீழே கண்டுபிடிப்பாளர் என்று எழுதியிருந்தார்கள்.

அதைக் கழற்றச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் உள்ளூர ஒரு பெருமை வந்து தடுத்தது. கோவையில் ஓட்டல் விருந்துகளுக்கு வயரில்லாத ஹெட்போன்களை மொத்தமாக வாடகைக்கு விடும் கடை அவளுக்குத் தெரியும். போடுகிற பாட்டு, மாட்டியிருப்பவருக்கு மட்டும் கேட்கும். கிட்டத்தட்ட அவள் கதைதான். அட்டைப்பெட்டிகளில் அள்ளிக்கொண்டு, நோம்பியன்று அவளே குண்டடம் போய் இறங்கினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கூட்டம் மொத்தமும் மாட்டிக்கொண்டது. மகுடேஸ்வரன் பாட்டைப் போட்டார். ஒரு சத்தமில்லை, ஊரே ஆடியது. அந்த வழியாக வந்த தாராபுரம் பஸ்ஸின் டிரைவர், இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் சாமி வந்திருப்பதாக எண்ணி, கன்னத்தில் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போனார்.

அடுத்த பாட்டில்தான் வினை வந்தது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு அது. ஆடியவர்கள் கூடவே பாடத் தொடங்கினார்கள். காது அடைபட்டிருந்ததால் அவரவர் குரல் அவரவருக்கே கேட்கவில்லை. அதனால் அடித்தொண்டையிலிருந்து கத்திப் பாடினார்கள். ஊர்க்கூட்டத்தில் வாயே திறக்காத கமிட்டித் தலைவர் மாரப்பன், கண்ணை மூடிக்கொண்டு பெண்குரல் வரும் இடங்களை மட்டும் எடுத்துப் பாடினார். பல்லவி முடிந்தது தெரியாமல் சிலர் அதிலேயே நின்றார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தகமும் கையுமாக மொட்டைமாடிகளில் ஏறி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பாட்டே கூடாது என்று சொன்னவர்களில் முதல் ஆள் அபிராமி. அவள் மகளுக்கு அடுத்த நாள் கணக்குப் பரீட்சை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகுடேஸ்வரனின் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணா, உங்க பழைய பொட்டியவே போட்டுடுங்க. அதுல பாட்டாச்சும் பாட்டாட்டம் கேக்கும்."

ஊர் ஒரே பேச்சாக ஒத்துப்போனது. சத்தத்தைக் குறைத்து வைப்பது, சீக்கிரம் நிறுத்துவது என்று முடிவாகி, பழைய பெட்டி மேடை ஏறியது. மாரப்பனிடமிருந்து ஹெட்போனைத் திருப்பி வாங்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும், எப்படிப் போயிற்று என்று கணவர் முருகவேல் கேட்டார். சித்ரகலா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அவளும் ஒன்றை மாட்டிக்கொண்டு மூச்சுப்பிடித்துப் பாடியிருந்தாள். இத்தனை வருஷம் எழுதியும், கேட்கிறவர் சும்மா இருக்கமாட்டார் என்பது தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. தொண்டை கட்டிய அந்த வாரத்தில் அதையே கட்டுரையாக எழுதினாள். அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

இப்போது கொங்குப் பக்கத்துச் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் நிறையப் பேர் அந்த இதழை வாங்குகிறார்கள். இந்த மாதம் எது கதை, எது கட்டுரை என்று அவளிடம் போனில் விசாரித்துக்கொண்ட பிறகுதான் சாதனம் வாங்கக் கடைக்குப் போகிறார்கள்.