மாடு இழுத்த அம்பாசிடர்

எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவே கூச்சப்படுவேன். எழுத உட்கார்ந்ததற்குப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சொந்தத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், அப்பா ஏலத்தில் கார் எடுத்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தவள் நான். சிரிக்கிறவர்கள் யாரும் அதில் இல்லை.

அப்பா திருச்சுழியில் ஒரு உரக்கடை முதலாளிக்குப் பதினோரு வருடம் கார் ஓட்டினார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, போலீஸ் பிடித்து வைத்த வண்டிகளை மலிவாக ஏலம் விடுவதாகக் கேள்விப்பட்டார். இனி சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுவது என்று முடிவு செய்து, ஏலத்தன்று காலையில் முதலாளி மேசையில் சாவியை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஏலத்துக்கு அம்மா, நான், தாய்மாமா எல்லாரும் கூடப் போனோம். ஏல மைதானத்தில் நின்ற வெள்ளை அம்பாசிடர், சாராயம் கடத்தும்போது பிடிபட்டது. கதவு பூட்டியிருந்தது, சாவி இல்லை. எதையும் திறந்து பார்க்க முடியாது, இருக்கிறபடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

"சாராயம் கடத்துனவன் மட்டமான இஞ்சினா வச்சிருப்பான்? போலீஸு ஜீப்பையே முந்துன வண்டிடி" என்றார் அப்பா.

"முந்துன வண்டி எப்படிங்க பிடிபட்டுச்சு?" என்றாள் அம்மா.

காரின் முன்பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல் நின்றது. ஸ்பிரிங் புதுசு என்று அதற்கும் அப்பாவிடம் காரணம் இருந்தது.

ஏலம் அப்பா பெயருக்கே முடிந்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, அதன் பிறகுதான் பூட்டை உடைத்து பானட்டைத் தூக்கினார்கள். உள்ளே இஞ்சின் இல்லை. அணில் கூடு ஒன்று இருந்தது.

தாய்மாமா போய்த் தன் வண்டிமாடு இரண்டையும் பிடித்து வந்து பம்பரில் கயிறு கட்டினார்.

"காட்டுப் பாதையா வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருவோம் மாப்ள. ஒருத்தருக்கும் தெரியாது."

அப்பா மெதுவாகச் சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள மனசு மாறுனா வந்து சாவிய எடுத்துக்கன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. அவருக்கு இது தெரியுறதுக்குள்ள போயி நின்னுட்டா..."

அம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"திருட்டு வண்டியா ஓட்டிட்டுப் போறோம்? கடைத்தெரு வழியாப் போங்க."

மாமா மாட்டை ஓட்ட, அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் தலையை நீட்டினார்கள். நான் வெட்கத்தில் சீட்டுக்குக் கீழே குனிந்தேன். அம்மா சடையைப் பிடித்துத் தூக்கினாள். "நிமிந்து உக்காரு."

உரக்கடை வாசலில் முதலாளி எழுந்து வந்தார். "என்னப்பா, பெட்ரோலா வைக்கோலா?"

கடைத்தெருவே சிரித்தது. அப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அம்மா கண்ணாடியை இறக்கினாள்.

"வைக்கோலுதான் அண்ணாச்சி. எங்க வைக்கோலு, எங்க வண்டி."

அன்று வரை அவரை 'மொதலாளி' என்பதைத் தவிர வேறு மாதிரி அம்மா கூப்பிட்டதில்லை. அவர் திரும்பிக் கடைக்குள் போனார்.

காட்டுப் பாதையில் போயிருந்தால் இந்தக் கேவலம் இல்லையே, எல்லாம் அம்மாவின் வீம்பு என்று பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்பா திரும்பிப் போவதற்கு இருந்த ஒரே வழியை அம்மா தெரிந்தேதான் அடைத்தாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை முதலாளியின் காரை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். அப்பா பழைய இஞ்சின் பார்க்க மதுரைக்கு பஸ் ஏறினார்.