கையெழுத்து வாங்கி அனுப்பினோம்

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய ஒரு குடிநோய் மறுவாழ்வு இல்லத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நான் சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்தது இது.

சிகிச்சைக்கு வந்து சேர்ந்த அவருக்கு நாற்பது வயதிருக்கும். ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஷெட்டில் வேலை. முதல் வாரம் கை நடுக்கத்தில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் அதே கையால் மற்றவர்களுக்குச் சவரம் செய்துவிட்டார். ஒரு கீறல் விழவில்லை. முப்பது நாளில் அப்படித் தேறிய ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

கிளம்பும் நாள் அவர் மனைவியை வரச் சொல்லியிருந்தோம். பொறுப்பாளர் என்ற இடத்தில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று விளக்கினேன். பதினைந்து நாள் கழித்து டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியைக் கவர் மேல் எழுதினேன். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். அவருடைய கட்டிலுக்கு வரவேண்டிய அடுத்த நோயாளி வாசலில் காத்திருந்தார்.

கிளம்ப எழுந்தவர் கேட்டார். "மேடம், ஆறு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சிரும். பொறவு படுக்குத வரைக்கும் என்ன செய்ய?"

"வீட்ல எல்லாரோடயும் பேசிட்டு இருங்க. பிள்ளையோட விளையாடுங்க."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மாத்திரைக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வாரேன் மேடம்."

குறித்த தேதியில் அவர் வரவில்லை. மறுநாள் போன் செய்தேன். மனைவிதான் எடுத்தார்.

"அவுக இறந்து ஆறு நாளாச்சு."

வீட்டுக்குப் போன நான்காம் நாள் மறுபடி குடிக்கத் தொடங்கியிருக்கிறார். பத்தாம் நாள் கதவு திறக்காததால் பக்கத்து வீட்டுக்காரர்கள் உடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"நீங்க வீட்ல இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் பிள்ளையோட தேவதானத்துல எங்கம்மா வீட்டுக்கு வந்து ஏழு மாசமாச்சு. கையெழுத்துப் போடணும்னு கூப்பிட்டீக, வந்தேன். பஸ் ஸ்டாண்டுல அவுகள விட்டுட்டு எங்க ஊரு பஸ் ஏறிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம்."

குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முப்பது நாளும் அவரிடம் பேசியிருக்கிறேன். முதல் குடி, அப்பாவின் அடி, தறியில் போன விரல் நுனி, எல்லாம் தெரியும். திரும்பிப் போகும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

இதை மாற்ற வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். "நல்லதுதான். யார் செய்யறது?" என்றார். நான் செய்கிறேன் என்றேன். அதிலிருந்து இரண்டாவது வாரமே வீட்டாரை அழைத்துவிடுகிறேன். வீட்டில் யார் இருப்பார்கள், பஸ்ஸை விட்டு இறங்கினால் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், சாயங்காலம் கூட யார் என்று கேட்கிறேன். வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் நானே போன் செய்கிறேன். சிலர் எடுப்பதில்லை. "இங்க அனுப்பாதீக" என்று இரண்டாவது வாரமே போனை வைத்துவிடுகிற வீட்டாரும் உண்டு.

போன மாதம் ஒருவருக்குப் போக்கிடமே இல்லை. வ. புதுப்பட்டியில் அண்ணன் மட்டும். டாக்டரிடம் கெஞ்சி நான்கு நாள் கூடுதலாக அவரை வைத்துக்கொண்டு, அண்ணனிடம் திரும்பத் திரும்பப் பேசினேன்.

கடைசியில் அண்ணன் சொன்னார். "மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் கெடக்கு. அங்க இருக்கட்டும். வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்."

தம்பியிடம் மறைக்காமல் சொன்னேன். "சோறு?" என்று கேட்டார். மறுபடி போன் போட்டு அதையும் கேட்டுச் சொன்னேன்.

கூட்டிப்போக வந்த அண்ணன் உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். இருவரும் முன்னும் பின்னுமாக நடந்து போனார்கள்.

மூன்றாம் நாள் அழைத்தேன். அண்ணன் எடுத்தார்.

"இருக்கான்" என்றார். வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார்.