ஆம்ஸ்டர்டாம் வழியாகக் கோவில்பட்டி

இந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவல் போஹா தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த என் மகளின் டேப்லெட் ஆம்ஸ்டர்டாமில் மழை பெய்கிறது என்றது. ஜன்னலுக்கு வெளியே, புனேயின் கராடியில், நல்ல வெயில். கீழே தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. டேப்லெட்டில் வானிலைக்குக் கீழே வந்த விளம்பரம், எனக்குப் புரியாத ஒரு மொழியில் சைக்கிள் வாங்கச் சொல்லிக் கெஞ்சியது. மகளைப் பார்த்தேன். வேர்க்கடலையைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கிவிட்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள். ஆள் புனேயில் இருக்கிறாள், அவள் கையில் இருக்கும் பொருள் ஹாலந்தில் இருக்கிறது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். விபிஎன் என்று ஒரு செயலி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால், நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தை மறைத்து, வேறு ஏதோ ஒரு நாட்டில் இருப்பதாக இணையத்தை நம்ப வைத்துவிடும். பள்ளிக்கூடம் தடுத்த பக்கம், வீட்டில் தடுத்த பக்கம் எல்லாம் அதற்குப் பிறகு திறந்துகொள்ளும். இதைப் பார்த்து நான் வாயைப் பிளக்க முடியாது, ஏனென்றால் என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. தினமும் காலையில் கராடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அமெரிக்காவில் இருக்கும் ஒரு கம்பெனியின் வலையமைப்புக்குள் நுழைகிறேன். யார் உள்ளே வரலாம், எந்தப் பக்கம் திறக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சாத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஊரில் என் வேலையைப் பற்றிக் கேட்பவர்களிடம், கதவு சாத்தும் வேலை என்று சொல்லி வைப்பேன்.

அன்று மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பதின்மூன்று வயதில் சுவர் ஏறிக் குதிக்காத பிள்ளை உண்டா என்று ஒரு பக்கம் சமாதானம். இன்னொரு பக்கம், கேட்டால் எங்கே போய் முடியுமோ என்று பயம். அவள் சமீபமாகக் கொஞ்சம் மாறியிருந்தாள். எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் பொங்கல் விழாவில் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்தபோது கையால் முகத்தை மூடிக்கொண்டாள். பள்ளியில் வகுப்புப் படம் எடுத்த நாளில் வயிற்று வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். வயது அப்படி, பருக்கள் வேறு வந்திருக்கின்றன என்று என் மனைவி ரேவதி சொன்னாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். சந்தோஷப்பட ஒரு விஷயமும் இருந்தது. ஞாயிறுதோறும் தமிழ் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தால் கொட்டாவி விடுகிற பெண், திடீரென்று எழுத்துக் கூட்டி ஓரளவு வாசிக்க ஆரம்பித்திருந்தாள். அலுவலகத்தில் இருக்கும் தமிழர்களிடம் அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

அவளை வீட்டில் நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நாலாவது மாடி பால்கனியில் நின்று, கீழே விளையாடுகிறவளை "பாப்பா" என்று நான் கூப்பிடும்போதெல்லாம் அங்கிருக்கும் மராட்டிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர்கள் பேச்சில் பாப்பா என்றால் அப்பா; அப்பாவே மகளை அப்பா என்று கூப்பிடுகிறாரே என்று அவர்களுக்கு வேடிக்கை. அவளுக்கு வெட்கமாக இருக்கும். "பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன்ப்பா" என்று ஒருமுறை கேட்டாள். பழகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அவளுடைய பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரர்களுக்கு அது எந்தக் கோயில் அம்மனின் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. என் தங்கைக்கும் அதே பெயர். தங்கை இறந்த மறு வருடம் மகள் பிறந்தாள். இறந்தவர் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான், யாரும் யோசிக்கக்கூட இல்லை. பெயரை வைத்தவனும் நான்தான், வைத்த பிறகு வாயால் கூப்பிட முடியாமல் போனவனும் நான்தான். நாக்கு அந்தப் பெயருக்கு எழும்பாது. அதனால் அவள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் செண்பகவல்லி, அங்கேயும் சுருக்கி ஷென்.

அடுத்த சனிக்கிழமை பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. கணினிப் பாடத்தைப் பார்த்துக்கொள்ளும் குல்கர்ணி மேடம் எங்களை உட்கார வைத்தார். பள்ளி கொடுத்த டேப்லெட்டில் விபிஎன் வைத்திருந்ததாக ஏழெட்டுப் பிள்ளைகள் பிடிபட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் போயிருக்கிறார்கள். "உங்க பொண்ணு கேஸ் வேற மாதிரி சார்" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்துக்கொண்டே டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். அவள் தேடியவை வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே சொல். செண்பகவல்லி, செண்பகவல்லி, செண்பகவல்லி கோவில்பட்டி.

"தேகியே சார், அப்னா ஹி நாம்" என்றார் மேடம். "தன் பேரையே தேடித் தேடிப் பாத்திருக்கா. இந்த வயசுல எல்லாருக்கும் தான் ஒரு ஸ்டார்னு நினைப்பு. டென்ஷன் வேண்டாம்."

நான் சிரிக்கவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து மேடத்தின் சிரிப்பும் நின்றது. கோபம் என்று நினைத்துவிட்டார் போலும், குரலைத் தாழ்த்தி, "ப்ளீஸ், வீட்டுக்குப் போய் அடிக்காதீங்க சார்" என்றார். ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையில் எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒன்றை ஹிந்தியில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

என் தங்கை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் புனே வந்து வேலையில் சேர்ந்திருந்த புதுசு. யாரோ ஒருவன் அவளுடைய முகத்தை எடுத்து வேறு ஒரு பெண்ணின் உடம்போடு ஒட்டி, போன் போனாக அனுப்பிவிட்டான். அந்தப் படம் விடுதியைச் சுற்றி, ஊருக்கு வந்து, எங்கள் தெருவுக்கும் வந்தது. படம் பொய் என்று நிரூபணமாவதற்குள் அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஊரில் கேட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னோம், சொல்லிச் சொல்லி நாங்களே பாதி நம்பிவிட்டோம். ஆனால் இணையத்தில் ஒரு செய்திப் பக்கம் அவளுடைய பெயர், ஊர், கல்லூரி, படம் எல்லாவற்றையும் போட்டு நடந்ததை எழுதிவிட்டது. எடுத்துவிடுங்கள் என்று பலமுறை எழுதினேன். பதில் இல்லை. ஊரில் அவள் இருந்த வீட்டை விற்றாயிற்று, அவளோடு படித்தவர்கள் திசைக்கொருவராகப் போயாயிற்று. அந்தப் பக்கம் மட்டும் நேற்றுத்தான் நடந்தது மாதிரி அங்கேயே இருக்கிறது.

மகளுக்கு டேப்லெட் வந்த அன்றே வீட்டு வைஃபையில் தடுப்புப் போட்டேன். சூதாட்டம், ஆபாசம் என்று எல்லா அப்பாக்களும் தடுப்பதைத் தடுத்துவிட்டு, கடைசியாக, எந்தச் சொல் இருந்தால் பக்கம் திறக்கக் கூடாது என்று கேட்கும் இடத்தில் தங்கையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்தேன். அடிக்கும்போது என் கண் முன்னால் நின்றது தங்கை மட்டும்தான். அது பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் பெயரும்கூட என்று எனக்கு உறைக்கவே இல்லை. உறைக்கும்படி யார் கூப்பிட்டோம் அவளை அந்தப் பெயரால்?

பள்ளியிலிருந்து ரேவதி ஆட்டோவில் போய்விட்டாள். நீங்களே பேசுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். நானும் மகளும் ஸ்கூட்டரில் வந்தோம். வழியில், புனேயில் தெருவுக்குத் தெரு இருக்கும் அம்ருத்துல்ய டீக்கடை ஒன்றின் ஓரம் நிறுத்தினேன். அவளுக்கு கிரீம் ரோல் வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டிருந்தாளே தவிரக் கடிக்கவில்லை.

"எதுக்கும்மா முதல்ல விபிஎன் போட்ட?"

"ஸ்விம்மிங் ரிசல்ட் பாக்க. இன்டர்-ஸ்கூல்ல நான் தேர்ட் வந்தேன்ல. எல்லார் வீட்லயும் அந்தப் பேஜ் ஓப்பன் ஆச்சு, நம்ம வீட்ல மட்டும் ஆகல. அப்புறம் பாத்தா, என் பேர் இருக்கிற எதுவுமே நம்ம வீட்ல ஓப்பன் ஆகல. மத்லப், என் பேர்ல ஏதோ தப்பு இருக்குன்னு நினைச்சேன். என் கிளாஸ் ம்ருணால்தான் விபிஎன் போடச் சொன்னா."

"அப்புறம்?"

"என் பேர் போட்டேன். அவங்க வந்தாங்க."

அவங்க வந்தாங்க. அவள் அப்படித்தான் சொன்னாள். டீக்கடைக்காரர் பாலைத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எப்பப் பாத்த?"

"தீபாவளிக்கு முன்னாடி. தமிழ்ல இருந்துச்சு, உடனே புரியல. டெய்லி கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சேன்."

அப்போதுதான் அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. என் மகள் தானாக முதன்முதலில் முழுசாகப் படித்த தமிழ், அவளுடைய அத்தை இறந்த செய்தி. நான் அலுவலகத்தில் பெருமை அடித்துக்கொண்டது அதைத்தான். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"நீங்கதானே ப்ளாக் பண்ணீங்க. எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே பண்ணீங்க. கேட்டா நீங்க அப்செட் ஆயிடுவீங்க." கிரீம் ரோலின் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "அவங்க மூக்கு என் மூக்கு மாதிரியே இருக்குப்பா. எனக்கும் அப்படி ஆகுமா?"

"அதுக்குத்தான் போட்டோவுக்கு முகத்த மூடுறியா?"

தலையை ஆட்டினாள். இத்தனை மாதம் இந்தப் பிள்ளை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், ஹோம்வொர்க் செய்திருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள். அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் இறந்த பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. இணையத்தில் இருக்கும் அயோக்கியன் எவனும் அவளைத் தொட்டுவிடக் கூடாது என்று சாத்தினேன். சாத்தியது அவளைத் தனியாக அந்தப் பேயோடு வைத்துத்தான்.

சொன்னேன். மஞ்சள் காமாலை இல்லை என்று சொன்னேன். படம் பொய் என்றும், உண்மையாகவே இருந்தாலும் அது அத்தையின் குற்றம் இல்லை என்றும், யாராவது உனக்கு அப்படிச் செய்தால் செய்த நிமிடமே எங்களிடம் வந்து நிற்க வேண்டும், நாங்கள் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டோம் என்றும் சொன்னேன். அத்தைக்கு அப்படி வந்து நிற்க ஓர் இடம் இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது என்றேன். கடைசியில், அதற்கப்புறமும் ஏன் திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்துக்குப் போனாய் என்றதற்கு, "நம்ம வீட்ல அவங்க போட்டோ இல்லையே" என்றாள்.

கோவில்பட்டியில் இருந்த தன் அத்தையைப் பார்க்க, கராடியில் இருக்கும் என் மகள் தினமும் ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போய் வந்திருக்கிறாள்.

அத்தை எப்படி இருப்பாங்க என்று கேட்டாள். எனக்கு முதலில் ஒன்றுமே வரவில்லை, இத்தனை வருடம் நான் எனக்கும் சேர்த்தல்லவா சாத்தி வைத்திருந்தேன். பிறகு ஒன்று வந்தது. பஸ்ஸில் போகும்போது சுவர் விளம்பரங்களை ஒன்று விடாமல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில், பஸ்ஸுக்கே கேட்கும்படி வாசித்துக்கொண்டு வருவாள். சிமெண்ட், ஜட்டி, மூல வியாதி, எதையும் விட மாட்டாள். நான் யாரோ மாதிரி வேறு சீட்டுக்குப் போய்விடுவேன். மகள் சிரித்துவிட்டாள். மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். என்னால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை, வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் தடுப்பிலிருந்து அந்தப் பெயரை அவள் முன்னாலேயே அழித்தேன். மற்றத் தடுப்புகள் இருக்கின்றன, பள்ளியும் விபிஎன்னை எடுத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. பழைய போனிலிருந்து தங்கையின் படம் ஒன்றைத் தேடி எடுத்து, பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டச் சொல்லி ரேவதியிடம் கொடுத்தேன். மகளின் நீச்சல் முடிவையும் அன்றுதான் எங்கள் வீட்டில் பார்த்தோம். மூன்றாம் இடம், செண்பகவல்லி. நான் அதை வாய்விட்டு வாசிக்கவில்லை.

சாயங்காலம் அவள் கீழே விளையாடப் போனாள். விளக்கு வைக்கும் நேரம் பால்கனிக்குப் போய் நின்றேன். பாப்பா என்று வழக்கம்போல் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். "செண்பகவல்லி." சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் நின்று நான் ஒரு காலத்தில் தங்கையைக் கூப்பிட்ட அதே சத்தம். கீழே யாரும் சிரிக்கவில்லை, வாட்ச்மேன் மட்டும் யார் வீட்டில் என்ன என்று நிமிர்ந்து பார்த்தார். மரத்தடியில் என் மகள் ஒரு கணம் அப்படியே நின்றாள், பிறகு கையை உயர்த்தி, "வரேன்ப்பா" என்றாள்.

வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். லிஃப்ட் ஏறி வந்தது. அவள் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, முகம் கழுவப் போய்விட்டாள். கதவைச் சாத்த எனக்கு அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பிடித்தது.