மண்டபத்திலிருந்து வெளியேறியவர்

என் மகளின் தலையில் பசை தடவி, ஒவ்வொன்றாக ஒயர்களை ஒட்டினார்கள். மூளை அலைகளைப் பதிவுசெய்யும் அறை அது. பக்கத்தில் ஏதோ ஓர் இயந்திரம் கூவியதும், ஐந்து வயதுக்காரி இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். எனக்கு நைனா நினைவுக்கு வந்தார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் அவருக்கு வேலை. ஷிப்ட் சங்கு ஊதும்போது அவரும் இப்படித்தான் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாராம். உடன் வேலை செய்தவர்கள் வேண்டுமென்றே தகரத்தைத் தட்டிச் சிரிப்பார்களாம். வீட்டில் அவருக்கு ஒரே தட்டு, ஒரே மூலை. யாராவது வந்துவிட்டால் பேச்சே வராது. பொன்னேரியில் என் கல்யாணத்தன்று கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்க, தலைநிமிர்ந்து பார்த்தேன். நைனா மண்டப வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன் கூசிப்போன நான், அதன்பிறகு அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் வருடம் மாரடைப்பில் போய்விட்டார்.

"குடும்பத்துல வேற யாராவது இப்படி இருந்தாங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"யாருமில்ல டாக்டர்" என்றார் என் கணவர்.

"எங்க நைனா" என்றேன் நான்.

திரும்பும் ரயிலில் கணவர் ஒன்றுதான் சொன்னார்: "எங்க அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லிக்கினு இருக்காத."

மகளுக்கு வலிப்பு இல்லை. அலைகளின் போக்கு மட்டும் சற்று வேறாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில், ஒரு மரபணுவில் சின்ன மாற்றம் தெரிந்தது. என் ரத்தத்தையும் சோதித்ததில், அதே மாற்றம் எனக்கும் இருந்தது. மகளின் ஆட்டிசத்தோடு தொடர்புடையதுதான், ஆனால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். என் அம்மாவிடம் அது இல்லையென்றால், அநேகமாக நைனா வழியாக வந்திருக்கும் என்றார்.

அன்றிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. நைனா அப்படி இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது என்பதைப் பரிசோதனைத் தாளில் பார்த்துவிடத் தவித்தேன். தாள் வேறு மாதிரி சொல்லிவிட்டால் என்ற பயமும் கூடவே இருந்தது. அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தினாள். "மேளம் வேணாம்னு சம்மந்தி ஊட்ல கேக்கச் சொல்லி மொத நாளே கெஞ்சுனாருடி. நான்தான் அசிங்கம்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன். மூணாவது முடிச்சு உழற வரைக்கும் நின்னு பாத்துக்கினுதான் இருந்தாரு. அப்புறந்தான் போனாரு. நீ அதப் பாக்கல."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் கையில ரத்தம் எடுப்பாங்க?" என்று கேட்டாள்.

அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்க வேண்டும். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. நான் எடுக்கவில்லை.