படத்தில் இருக்கிறபடி

ஒன்பது மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உறையில் போட்டு, மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுகிறார். அவருடைய படிக்கிற வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பதிவேட்டைக் கை நீளும் மட்டும் நீட்டிப் பிடிக்கிறார். கண்ணுக்கு வயதாகிவிட்டது, கை மட்டும் வளர மறுக்கிறது. ஆகவே கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஏதாவது ஒரு தகப்பனாரிடம் பதிவேட்டைக் கொடுத்து, "சார், கொஞ்சம் பிடிச்சுக்கங்க. ஒரு அடி பின்னாடி போங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே" என்கிறார். வந்தவர் பதிவேட்டை நெஞ்சில் சாத்திக்கொண்டு நிற்க, அக்கா அதைப் படித்து டோக்கன் எழுதுகிறார்.

"அப்படியே" என்பது அவருடைய சொல். ஆஸ்பத்திரியில் அதுவே அவருக்குப் பெயர். குழந்தைகள் வளர்ச்சிப் பிரிவின் முன்பதிவு எழுத்தர் என்று ஒரு பலகை இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. "அப்படியே அக்காகிட்ட கேளு" என்றால் லிப்ட்காரருக்குக்கூடத் தெரியும்.

கண்ணாடியைக் கழற்றுவதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வரலாறு என்பதால் அதில் ஒரு குழுவும் உண்டு. ஆட்டிசம் என்றும் இன்னும் பல பெயர்களிலும் சீட்டு எழுதி இந்தப் பிரிவுக்கு அனுப்பப்படுகிற பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு பேர் வருவதே இல்லை என்று பதிவேடு சொன்னது. பெற்றோருக்கு ஏன் அக்கறை இல்லை என்று ஆராய ஐந்து பேர் கொண்ட குழு மூன்று முறை கூடி, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று கண்டுபிடித்தது. அக்காவின் ஜன்னலோ வாசலைப் பார்த்த ஜன்னல். வராத பிள்ளைகள் எல்லாம் வாசல்வரை வந்து, காதைப் பொத்திக்கொண்டு அரை மணி நேரம் நின்று, தாங்கள் அழுது, அம்மாவையும் அழவைத்து, அப்பாவின் அதட்டலோடு திரும்பிப் போவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலைன்னு எப்படிங்க எழுதறது? வந்துட்டுத்தானே போகுது? உள்ள என்ன இருக்குன்னே தெரியாத இடத்துக்கு நீங்க போவீங்களா? நான் போகமாட்டேன்" என்று குழுவிடம் சொன்னார். குழு அதைக் குறித்துக்கொண்டது. குறித்துக்கொண்ட தாளை இன்றுவரை காணோம்.

பிறகு அக்கா தன் கைப்பேசியால் ஏழு படங்கள் எடுத்தார். வாசல், காவலாளி, பச்சைக் கதவு, கவுன்டரில் தான், உட்காரும் நாற்காலி, டாக்டர், திரும்பிப் போகிற வழி. ஏழையும் ஒரே தாளில் வரிசையாக அச்செடுத்து, தேதி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் பத்து நாள் முன்னதாகவே அனுப்பத் தொடங்கினார். அவரைக் கேட்டால் ஏழாவது படம்தான் முக்கியம் என்பார். "வெளிய வர வழி தெரிஞ்சாத்தான் உள்ள போக மனசு வரும். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் காட்டல."

தாள் வேலை செய்தது. வராத பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஆனால் அன்றிலிருந்து பிரிவில் யாருக்கும் மாறுகிற உரிமை இல்லை. டாக்டர் தாடி வைக்க ஆசைப்பட்டு அனுமதி கேட்டார். "வைங்க சார், வேண்டாங்கல. எண்பது வீட்டுல தாள் இருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் போய் தாடியைக் காட்டிட்டு வந்துடுங்க" என்றார் அக்கா. டாக்டர் இன்றைக்கும் தினமும் சவரம் செய்கிறார். நாற்காலி ஆட்டம் கண்டபோது காலை மட்டும்தான் மாற்றினார்கள். மேலிடம் ஒரு முறை யாரையும் கேட்காமல் பச்சைக் கதவுக்கு வெள்ளை அடித்தது. அடுத்த வாரம் கதவு மறுபடி பச்சையாக இருந்தது. விசாரணை நடந்தது. சாட்சி சொல்ல வந்த அக்காவின் நகக்கண்ணில் பச்சை இருந்ததை விசாரித்த அதிகாரி கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார். அந்த அதிகாரியின் தங்கை மகனும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்துபோகிறான்.

சட்டம் போட்டவருக்கும் அதே சட்டம்தான். படம் எடுத்தபோது அக்காவுக்குக் கண்ணாடி கிடையாது. ஆறு மாதம் கழித்துத்தான் கண் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதனால்தான் அந்த இழுப்பறை. படத்தை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு, "மாத்தலாம். பழைய தாளோட வர்ற பிள்ளைக்கு யார் பதில் சொல்றது, நீங்களா?" என்பார். கேட்டவர் அதோடு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இந்த ஆட்சிக்குப் பெரிய சோதனை போன மாதம் வந்தது. அந்தச் சிறுமிக்கு எட்டு வயது. பதினான்கு மாதம் காத்திருந்து தேதி வாங்கி, மூன்று முறை வாசலோடு திரும்பிய குடும்பம். முதல் முறை தாள் பழைய வீட்டு முகவரிக்குப் போய்விட்டது. இரண்டாம் முறை அவர்கள் வந்தது கதவு வெள்ளையாக இருந்த வாரம். மூன்றாம் முறை ஓர் ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்று அலறியது. பதிவேட்டில் மூன்றும் "வரவில்லை". நான்காவது "வரவில்லை" விழுந்தால் கோப்பு மூடப்படும். மறுபடி வரிசையின் கடைசி, மறுபடி பதினான்கு மாதம். பத்து மணிக்குள் பிள்ளை கவுன்டருக்கு வந்தாக வேண்டும். இந்த விதியை எழுதியது அக்கா இல்லை. எழுதியவரின் படம் தாளில் இல்லை.

ஒன்பதரைக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. சிறுமி தாளோடு இறங்கினாள். அம்மா பின்னால் வந்தார். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மூன்று முறை கழற்றிய கையோடு மாட்டிக்கொண்ட அனுபவம். சிறுமி முதல் படத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். சரியாக இருந்தது. இரண்டாவது படத்தைப் பார்த்தாள், காவலாளியைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

காவலாளி இருபத்தெட்டு வருடம் வளர்த்த மீசையை முந்தின நாள் சாயங்காலம் எடுத்திருந்தார்.

"இவர் இல்ல" என்றாள் சிறுமி.

"நான்தாம்மா அது."

"இவர் இல்ல. அவர் எங்க?"

காவலாளி தனக்கே சந்தேகம் வந்தவர்போல மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். சிறுமியின் கைகள் காதுக்குப் போயின. அம்மா கவுன்டர் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "மணி ஒம்பதே முக்கால் ஆகுதுங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா என்னால முடியாது. போன தடவை இங்க நின்ன ஒரு அம்மா, நாலு அறை விட்டா உள்ள போகும்னு சொல்லிட்டுப் போனாங்க." அவர் குரலில் அழுகைகூட இல்லை. அது தீர்ந்துபோய் வெகுநாள் ஆகியிருந்தது.

அக்கா வெளியே வந்து காவலாளியை ஓரமாக அழைத்தார். "என்ன அண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"பேத்தி குத்துதுன்னா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"மீசைக்குமா லீவு லெட்டர் குடுக்கணும்?"

"நீங்க படத்துல இருக்கீங்க. அது உங்க மீசை இல்ல, ஆபீஸ் மீசை. குனிங்க."

அக்காவின் கையில் இருந்தது, ரத்தம் எடுக்கும் புட்டிகளில் பெயர் எழுதுகிற தடித்த கறுப்புப் பேனா. "கூசுது" என்றார் காவலாளி. "அசையாதீங்க. அப்படியே" என்றார் அக்கா. கண்ணாடி இழுப்பறையில் இருந்ததால் மீசையின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தன.

சிறுமி ஒரு காதிலிருந்து மட்டும் கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். "இது வரைஞ்சது."

அக்கா மழுப்பவில்லை. அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். "ஆமாம்மா, வரைஞ்சதுதான். நிஜ மீசையை நேத்து எடுத்துட்டார். உனக்குச் சொல்லாம எடுத்தது எங்க தப்பு. ஆனா படத்துல இருக்கறவர் இவர்தான்."

சிறுமி தாளைக் காவலாளியின் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். வேலைக்கு எடுத்த அன்றைக்குக்கூட அவரை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. "இந்தப் பக்கம் சின்னது" என்றாள்.

அக்கா பேனாவை அவளிடம் நீட்டினார். காவலாளி சொல்லாமலே குனிந்தார். சிறுமி இரண்டு கோடு சேர்த்தாள். தாளைப் பார்த்தாள். "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு, பச்சைக் கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. வெளியே அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு வண்டிச் சாவியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே வந்ததும் அவர் கையில் பதிவேடு கொடுக்கப்பட்டது.

"புக் ஏன் தூரமா போகுது?" என்று சிறுமி கேட்டாள்.

"கிட்ட இருந்தா எனக்குத் தெரியாது."

டோக்கன் எடுக்க அக்கா இழுப்பறையைத் திறந்தார்.

"அது யாரோட கண்ணாடி?"

"என்னோடதுதான்."

"ஏன் போடல?"

"படத்துல போடலியே."

சிறுமி நான்காவது படத்தைப் பார்த்தாள். அது அவளுக்கு நியாயமான பதிலாகத் தோன்றியிருக்க வேண்டும்; மேலே ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை அவள் திருப்பித் தரவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

ஐம்பது நிமிடம் கழித்து அம்மா டாக்டர் அறையிலிருந்து வந்தார். "பிடிவாதம் இல்லியாம். அந்தச் சத்தமெல்லாம் அவளுக்கு நிஜமாவே வலிக்குமாம். ஸ்கூலுக்கு டாக்டரே எழுதறாராம். இனிமே எங்க போனாலும் முதல்லேர்ந்து கதை சொல்ல வேண்டாம், இந்த ஒரு நம்பருக்குப் பேசினாப் போதும்கறார்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல் சிரித்தார். காவலாளியைப் பார்த்ததும் காரணத்தோடு சிரித்தார். காவலாளி அதற்குள் மூன்று முறை முகம் கழுவியிருந்தார். ஆய்வுக்கூடம் போய்த் திரும்பும்வரை அழியக் கூடாது என்று செய்யப்பட்ட மை அது. "நாலு நாள் இருக்கும் அண்ணே. அதுக்குள்ள நிஜம் கொஞ்சம் முளைச்சிடும்" என்று அக்கா ஆறுதல் சொன்னார்.

கிளம்பும் முன் சிறுமி ஏழாவது படத்தைத் திரும்பிப் போகிற வழியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு தாளைக் கவுன்டரில் வைத்தாள். அதன் மேல் பேனாவை வைத்தாள். "அடுத்த தடவை இப்படி இருங்க" என்று சொல்லிவிட்டு அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார். நான்காவது படத்தில், அவருடைய முகத்தில், கண்களைச் சுற்றி இரண்டு கறுப்பு வட்டங்கள். மூக்கின் மேல் அவற்றைச் சேர்க்கிற ஒரு கோடு. இடது வட்டம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

அக்கா இழுப்பறையைத் திறந்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். அணைந்திருந்த கம்ப்யூட்டர் திரையில் தன் முகத்தைப் பார்த்தார். தாளை ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரு விரலால் கண்ணாடியின் இடது பக்கத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டார்.