சுபத்துக்குப் பிறகு ஒரு ரீல்

செஞ்சியில் எங்கள் டூரிங் கொட்டகைக்கு அந்த மாயாஜாலப் படம் முதல்முறை வந்தபோது ஊரே சிரித்தது. தினமும் கண் விழித்தால் நிஜக் கோட்டையைப் பார்க்கிறவர்களிடம் அட்டைக் கோட்டையைக் காட்டினால் வேறென்ன செய்வார்கள்? ஆனால் பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா மட்டும் வேண்டாவெறுப்பாக வந்திருந்தாள். சில மாதங்களுக்கு முன்புதான் என் தங்கை அம்மை போட்டு இறந்துபோயிருந்தாள். அதிலிருந்து அம்மா வாசற்படி தாண்டவில்லை. குழந்தைகள் படம்தானே, மனசு கொஞ்சம் மாறட்டும் என்று நைனா இழுத்து வந்தார். திரையில் ஒரு குட்டி இளவரசி வந்ததும், இவளுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

பயந்தபடியே ஆனது. அண்ணனையும் ஊரையும் மந்திரவாதியிடமிருந்து மீட்க அவள் தன் உயிரைக் கொடுத்துக் கல்லாகிவிட்டாள். சுபம் என்று போட்டார்கள். இதில் என்ன சுபம் வேண்டிக் கிடக்கிறது என்று எனக்குக் கோபம். எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது விளக்கு மறுபடி அணைந்தது. திரையில் அதே குழந்தை ஊஞ்சலாடிக்கொண்டு பாடினாள். ஆப்பரேட்டர் நடுவில் ஒரு ரீலை விட்டுவிட்டு, ஞாபகம் வந்து கடைசியில் மாட்டியிருக்கிறார். கூட்டத்தில் ஒருவரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. மந்திரம் நடக்கிற கதையில் கல்லுக்கு உயிர் வந்தால் என்ன அதிசயம்?

"வந்துடுச்சி பாரு" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சோறு போட்டு, தானும் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷம் அதே படம் வந்தது. இந்த முறை அம்மாதான் எங்களைக் கிளப்பினாள். ஆனால் ஊஞ்சல் பாட்டு முன்னாலேயே வந்துவிட்டது. அப்புறம் குழந்தை கல்லானாள், சுபம். நைனா கூப்பிட்டும் அம்மா கிளம்பவில்லை. ஆண்கள் எதிரில் குரல் உயர்த்தாதவள் நேராக மிஷின் ரூம் வாசலுக்குப் போனாள்.

"ஊஞ்சல் பாட்டு இன்னா ஆச்சி?"

"அதான் முன்னியே போட்டாச்சேம்மா" என்றார் ஆப்பரேட்டர்.

"போன தபா கடைசில தான போட்ட? போடு."

"அந்தம்மா சொல்றதுதான் ரைட்டு! ரீலை மாத்திப்புட்டான்!" என்று தரை டிக்கெட் கூட்டம் கத்தியது. ஆப்பரேட்டர் தலையில் அடித்துக்கொண்டு அந்த ரீலைத் திரும்பச் சுற்றி மாட்டினார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் எத்தனை தடவை வந்தாலும், சுபத்துக்குப் பிறகு ஊஞ்சல் பாட்டு ஓடாமல் எங்கள் கொட்டகையில் ஒருவரும் எழுந்ததில்லை.

ஹைஸ்கூல் போன பிறகு எனக்கு அறிவு முற்றிவிட்டது. ஒரு தடவை படம் விட்டுத் திரும்பி நடக்கும்போது, "அது ஆப்பரேட்டர் பண்ண தப்பும்மா. பாட்டுதான் முன்னாடி, கல்லாவறது அப்புறம்" என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

அம்மா நடையை நிறுத்தவில்லை.

"எனக்கு மொத நாளே தெரியும்டி. கல்லா நிக்கிற புள்ளைய அங்கியே வுட்டுட்டு எப்படி வூட்டுக்கு வர்றது?"